இலவசமாகக் கிடைப்பது விளக்கம் மட்டுமே

"எல்லாந்தான் நெட்டில் இலவசமாகக் கிடக்கிறதே, உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே!" இயற்பியலில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் அப்பா சொல்கிறார். ஆய்வகத்துக்குச் சாமான் கேட்கும் ஆசிரியரிடம் தாளாளரும் இதையே சொல்கிறார். காலிப் பணியிடத்தைப் பற்றிக் கேட்டால் அதிகாரிகளிடமிருந்தும் இதே பதில்தான் வருகிறது, சொற்கள் மட்டும் கொஞ்சம் நாசூக்காக இருக்கும். பொய்யான நம்பிக்கைகள் ஊரில் ஆயிரம் உண்டு. ஆனால் இத்தனை பேருக்கு இத்தனை வசதியாக அமைந்த பொய் குறைவு.

இருப்பதை இல்லை என்று சொல்லப் போவதில்லை. இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் உருவகப் பயிற்சிகள் இருக்கின்றன. எம்ஐடியின் பாடங்கள், ஐஐடிகளின் என்பிடெல், அம்ருதாவும் சிடாக்கும் சேர்ந்து உருவாக்கிய ஓலேப்ஸ் எல்லாம் இருக்கின்றன. நம் பாடநூல்களிலேயே 2018 முதல் கியூஆர் கோடு அச்சாகிறது. ஃபைன்மனின் புகழ்பெற்ற விரிவுரைகளை 2013 முதல் கால்டெக் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அந்த நூலின் முன்னுரையில், மாணவர்களைப் பொறுத்தவரை தன் முயற்சி பெரிதாக வெற்றி பெறவில்லை என்றும், நல்ல ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் பேசிப் பழகுவதே சிறந்த வழி என்றும் ஃபைன்மனே எழுதியிருக்கிறார். அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் முன்னுரையைப் படித்தார்களோ!

ஒரு பந்தை மேலே எறிகிறோம். கையை விட்டுக் கிளம்பி ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசை எந்தத் திசையில்? பத்தாம் வகுப்பு முடித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். கை கொடுத்த விசை மேல்நோக்கி இருக்கும், போகப் போகக் குறையும், உச்சியில் தீர்ந்துவிடும், அப்புறம் புவியீர்ப்பு இழுத்துக்கொள்ளும் என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். தவறு. காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால், கையை விட்ட நொடியிலிருந்து பந்தின்மேல் இருப்பது கீழ்நோக்கிய புவியீர்ப்பு மட்டுமே. நியூட்டனின் விதிகளை ஒப்பிப்பவர்களும் இதில் சறுக்குவார்கள்.

இன்று வெரிடாசியம் என்ற யூடியூப் சேனலை நடத்தும் டெரெக் முல்லர், 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், இப்படிப்பட்ட தவறான எண்ணத்தைப் படம் காட்டி மாற்ற முடியுமா என்றுதான் சோதித்தார். ஒரு குழுவுக்குச் சரியான விளக்கத்தை நேராகச் சொல்லும் படத்தைக் காட்டினார். தெளிவாக இருந்தது, சுலபமாகப் புரிந்தது என்றார்கள் மாணவர்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் மதிப்பெண் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. தங்கள் விடை சரி என்ற உறுதி மட்டும் கூடியிருந்தது. இன்னொரு குழு பார்த்த படத்தில் ஒரு மாணவர் தவறான எண்ணத்தை வாய்விட்டுச் சொல்வார். அதை மறுத்து வாதம் நடக்கும். இந்தக் குழு குழப்பமாக இருந்தது என்று முனகியது. ஆனால் மதிப்பெண் நன்றாக ஏறியது.

தெளிவான படத்தைப் பார்க்கும் பிள்ளை, அதில் சொல்வதைக் கேட்பதில்லை. தான் முன்பே நம்பியதைத்தான் அந்தப் படமும் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. "தெரிஞ்சதுதான்" என்று அடுத்ததற்குப் போகிறது. இப்படித் தவறு கெட்டிப்பட்டுப் போவதைத்தான் நாம் "பிள்ளை யூடியூபிலேயே படிச்சிக்கிறான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியல் மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் தொகுத்து ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட கட்டுரையும் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. உட்கார்ந்து கேட்ட வகுப்புகளைவிட, மாணவர்கள் பேசி, செய்து, திருத்தப்பட்ட வகுப்புகளில் முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீடியோவும் உட்கார்ந்து கேட்பதுதான். என்ன, நடுவில் விளம்பரம் வரும்.

மேல்நிலை வகுப்பின் மீட்டர் சமனச்சுற்றை எடுத்துக்கொள்வோம். திரையில் கம்பிகளை இழுத்து இணைக்கிறோம், ஜாக்கியை நகர்த்துகிறோம், முள் பூச்சியத்துக்கு வருகிறது, விடை வந்துவிடுகிறது. மேசைமேல் அப்படி வராது. மின்தடைப் பெட்டியின் பித்தளைச் செருகியை முறுக்கி அழுத்தாவிட்டால் அளவீடு தப்பும். கம்பியின் இரு முனைகளிலும் கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கம் ஓடினால் எங்கோ இணைப்பு தவறு, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஜாக்கியைக் கம்பிமேல் தொட்டு எடுக்க வேண்டும், தேய்த்து இழுக்கக் கூடாது. இழுத்தால் கம்பி தேய்ந்து குறுக்குப் பரப்பு இடத்துக்கு இடம் மாறும். நீளத்துக்கு ஏற்ற மின்தடை என்ற கணக்கின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். "இழுக்காதேடா!" என்று ஆசிரியர் அதட்டுகிறாரே, அந்த ஓர் அதட்டலில் ஒரு பாடமே இருக்கிறது. திரையில் இருக்கும் கம்பி எத்தனை முறை இழுத்தாலும் தேயாது.

வேதியியலிலும் இதே கதைதான். வீடியோவில் நைட்ரேட் சோதனையின் பழுப்பு வளையம் ஒவ்வொரு முறையும் அழகாக விழும். அடர் கந்தக அமிலத்தைச் சோதனைக் குழாயின் ஓரமாக வழியவிடாமல் அவசரப்பட்டு ஊற்றியவருக்குத்தான் அது ஏன் விழவில்லை என்று தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்வகம் இருக்கும் பள்ளிகளிலும் எல்லாம் ஒழுங்கு என்றில்லை. ஊசல் சோதனையில் வகுப்பு முழுக்க 9.81 என்று எழுதிய ரெக்கார்டு நோட்டுகள் உண்டு. தமிழ்நாட்டில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78க்குப் பக்கம். 9.81 பாரிஸ், லண்டன் பக்கத்து மதிப்பு. பள்ளி ஊசலின் பிழை இந்த வித்தியாசத்தைவிடப் பெரிது என்பதால் ஒரு பிள்ளைக்கு அப்படி வரலாம். அத்தனை பிள்ளைக்கும் வந்தால், சீனியர் நோட்டு கைமாறியிருக்கிறது என்று பொருள்.

எதிர்த்தரப்பிடம் ஒரு வலுவான ஆதாரம் உண்டு. ஃபெட் குழுவைச் சேர்ந்தவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிஜ பல்பும் கம்பியும் வைத்துப் படித்தவர்களைவிடத் திரையில் மின்சுற்று அமைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். நிஜச் சுற்றை அமைப்பதிலும் அவர்களே முந்தினார்கள். மறுக்கவில்லை. மின்னோட்டம் கண்ணுக்குத் தெரிவது பெரிய உதவிதான். ஆனால் அந்த மாணவர்கள் எங்கே இருந்தார்கள்? ஆய்வக வகுப்பில், கூட்டாளிகளோடு, வழிகாட்டிக் குறிப்போடு, கேட்டால் பதில் சொல்ல உதவி ஆசிரியர்கள் நிற்க. அந்த ஆய்வு ஒப்பிட்டது கருவியோடு கருவியை. ஆசிரியர் இல்லாமல் வீட்டில் தனியே போனோடு இருக்கும் பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இலவச வளங்களிலும் உட்காரவைப்பது உண்டு, எழுப்பிவிடுவதும் உண்டு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி இரண்டாம் வகை. இரண்டு போன்களை ஐந்து மீட்டர் தள்ளி வைத்து, சத்தம் கேட்டால் ஓடி, மறு சத்தத்தில் நிற்கும் கடிகாரத்தை இரண்டிலும் திறக்க வேண்டும். முதல் போன் பக்கத்தில் ஒருவர் கைதட்ட, பிறகு இரண்டாவது போன் பக்கத்தில் மற்றவர் தட்டுகிறார். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஒலி பத்து மீட்டர் போக எடுத்த நேரம்: சுமார் 0.029 நொடி. பக்கத்து வகுப்பின் கூச்சலில் கடிகாரம் தானாக ஓடித் தொலைக்கும். எந்த அளவு சத்தத்துக்கு ஓட வேண்டும் என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். அங்கேதான் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

ஏழைப் பிள்ளைக்கு இதுவாவது கிடைக்கிறதே என்பார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவச இணையப் பாடங்களை ஆராய்ந்து 2015இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, அமெரிக்காவில் அவற்றில் சேர்ந்தவர்கள் வசதியான, படித்தவர்கள் வாழும் பகுதிகளிலிருந்தே அதிகம் வந்ததாகக் காட்டியது. ஏற்கெனவே உள்ளவருக்குத்தான் இலவசம் முதலில் போய்ச் சேர்கிறது.

இலவசப் பாடம் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. பள்ளிக்குச் சோதனைப் பெட்டி போனது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் மாதக் கூட்டமும் இருந்தன. தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறையும் உண்டு. சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் கேள்வி எழுதிப் போட்டார்கள், பதிலும் போனது. பின்னாளில் குப்பையிலிருந்து பொம்மை செய்து புகழ்பெற்ற அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகள் பிறந்தது இந்தச் சூழலில்தான். திட்டம் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. அதன் பாடப் புத்தகங்கள் இன்றும் இணையத்தில் இலவசம். பெட்டியும் பயிற்சியும் மாதக் கூட்டமும் பதிவிறக்கத்தில் வருவதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆய்வக அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இந்த ஆண்டு பிள்ளைகள் தங்கள் கையால் செய்த சோதனைகள் எவை, காலியாக இருக்கும் இயற்பியல், வேதியியல் ஆசிரியர் பணியிடம் எப்போது நிரம்பும் என்று கேளுங்கள். "அதுதான் வீடியோ இருக்கிறதே" என்று பதில் வந்தால், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.