தென்புலத்தார் கடன்

இல்லறத்தான் பேணவேண்டிய ஐவரை வரிசைப்படுத்திய திருவள்ளுவர், தென்புலத்தாராகிய மறைந்த முன்னோரையே முதலில் வைத்தார்; தெய்வமும் விருந்தினரும் அவர்க்குப் பின்னரே. கடல் கடந்து வந்து பினாங்கில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் அத்தலைக்கடனை இன்று எவ்வாறு ஆற்றுகின்றன என்பது நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய பொருளாகும்.

நம் முன்னோருள் பெரும்பாலோர் தனியராகவே வந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கங்காணியின்பின் செபராங் பிறைத் தோட்டங்களுக்குச் சென்றவர்க்கு, ஊரில் தந்தை மறைந்த செய்தி கடிதமாய் வந்து சேருமுன் சிதையும் ஆறியிருக்கும். 1942–43இல் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த தமிழர் பல்லாயிரவர். அவருட் பலருக்குக் கொள்ளியும் இல்லை, கருமாதியும் இல்லை. இறந்த நாளே தெரியாதபோது திதி கொடுப்பது எங்ஙனம்? பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிதறியபோது, தோட்டத்து இடுகாடுகள் பலவும் பேணுவாரற்றுப் போயின.

இத்தனை இழப்புக்கும் இடையே ஒரு வழக்கம் நிலைத்திருக்கிறது. தீபாவளிக்கு முதல்நாள் மாலையில் எத்தனையோ வீடுகளில் மூத்தோர் படத்தின்முன் வாழையிலை விரிகிறது. பாட்டிக்குப் பிடித்த முறுக்கும், தாத்தா விரும்பிய ஆட்டுக்கறியும், சில வீடுகளில் அவர் பிடித்த சுருட்டும் அதில் இடம்பெறும். புத்தாடைகளை முதலில் படையலில் வைத்து வணங்கிய பிறகே உடுத்துவர். இதற்குப் புரோகிதர் வேண்டியதில்லை; மந்திரமும் வேண்டியதில்லை. வீட்டார் கையிலேயே இருந்ததனால் இவ்வழக்கம் பிழைத்தது.

அமாவாசைத் தர்ப்பணமும் ஆண்டுத் திதியும் பல வீடுகளில் அவ்வாறு பிழைக்கவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் வேலைமுறையும், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்ததும் காரணங்களே. பதினாறாம் நாள் காரியத்தை விடுமுறை நாளுக்கு மாற்றுவோரும் உளர். இவற்றை நாம் குறைகூறோம். சடங்கு சுருங்கலாம், நாளும் மாறலாம். நம்மை வருத்துவது வேறொன்று. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி நீர் விடவேண்டும். மூன்றாம் பெயரைக் கேட்டவுடன் நம் இளைஞருட் பலர் வாயடைத்து நிற்கின்றனர்.

ஜார்ஜ்டவுனில் கூ கொங்சி போன்ற சீனக் குலமன்றங்கள் முன்னோர் பெயர்ப்பலகைகளை நிறுவிக் காத்து வருகின்றன. நகரத்தார் மணமானவுடன் தம் நகரக் கோயிலில் புள்ளி எனும் குடும்ப அலகாகப் பதிவு பெறுவதால், எந்நாட்டில் வாழ்ந்தாலும் அவர்தம் வழி அறுவதில்லை. சூலியா தெருவின் தர்காவோ, நாகூரில் அடக்கமான ஷாகுல் ஹமீது ஆண்டவரைத் தமிழ் முஸ்லிம்கள் இக்கரையில் நினைந்து போற்ற எழுப்பியது. உடல் அக்கரையில் இருப்பினும் நினைவை இக்கரையில் நிறுத்தலாம் என்பதற்கு அதுவே சான்று. தோட்டத் தொழிலாளர் வழிவந்தோர்க்கு மட்டும் பெயர் காக்கும் அமைப்பு வாய்க்கவில்லை. அதனை இனி நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு குடும்பமும் மூன்று தலைமுறையின் பெயர்களையும், அவர்தம் ஊரையும், மறைந்த ஆண்டையும் தமிழில் எழுதி வைக்கட்டும். பாட்டிமார், கொள்ளுப்பாட்டிமார் பெயர்களும் அவ்வேட்டில் ஏறவேண்டும். படையலின்போது வீட்டின் இளையவர், மகனாயினும் மகளாயினும், அவற்றை உரக்கப் படிக்கட்டும். பத்து லஞ்சாங் மயானத்தில் இறுதிக்கடன் முடித்துத் திரும்பும் குடும்பங்களிடம் இப்பெயர்களைக் கேட்டுப் பதியும் ஏடொன்றைத் திறக்குமாறு பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தையும் ஆலயங்களையும் வேண்டுகிறோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆனால் காலம் குறுகியது: அப்பெயர்களை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். வரும் தீபாவளிப் படையலுக்கு முன் அவர்களருகே அமர்ந்து கேட்டு எழுதுவது, பினாங்குத் தமிழர் ஒவ்வொருவரின் கடமை.