குழாய் பொருத்திய பின்னர்?

மூளையில் நீர் தேங்கிக் குழந்தையின் தலை பெருப்பதைத் தெய்வ குற்றமென்று கருதிய காலம் மலையேறிவிட்டது. அந்நீரைத் தோலின் கீழ்ச் செல்லும் மெல்லிய குழாய் வழியே வயிற்றினுள் வடியச் செய்யும் ரண சிகிச்சை இன்று மதுரையிலேயே நடைபெறுகிறது. பெரியகுளம், போடி, கம்பம் பிரதேசத்துத் தாய்மார் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

சுதேசிப் பொருள் மட்டமானதென்று முகஞ்சுளிப்போருக்கு ஒரு வார்த்தை. உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா குழாயை அயல்நாட்டுக் குழாயொன்றுடன் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டு, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுப் பலனில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அன்றைய விலையிலோ, நம்முடையது சுமார் 35 டாலர். மற்றது சுமார் 650 டாலர்!

ஆனால் குழாய் எதுவாயினும், பொருத்தியதோடு காரியம் முடிந்ததென்று எண்ணுவது பெருந்தவறு. மேனாடுகளில் 344 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 1998-இல் வெளியிட்ட பரிசோதனையில், மூவகை வால்வுகளில் எதைப் பொருத்தினும், முதலாண்டிலேயே நூற்றுக்குச் சுமார் நாற்பது குழாய்கள் பழுதுபட்டன. குழாய் அடைபடும், கிருமி தொற்றும், குழந்தை வளர வளர நீளம் போதாமற் போகும், இணைப்பும் விட்டுப் போகும். தொற்றைக் குறைக்க வழியுண்டு. கிருமிநாசினி மருந்தூட்டிய குழாயினால் தொற்று நூற்றுக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்ததை 2019-இல் பிரிட்டிஷ் வைத்தியர்கள் காட்டினர். அடைப்புக்கோ, அறிகுறியை உடனே கண்டுகொள்வதொன்றே கதி.

இங்கேதான் நம் கவலை. ஏலத் தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பேறி மலைக்குச் செல்லும் தாய், பிள்ளை வாந்தியெடுத்தால் பித்தமென்பாள். சோர்ந்து உறங்கினால் அசதியென்பாள். ஊர் டாக்டரும் ஜுர மருந்து கொடுத்து அனுப்பக்கூடும். உச்சிக்குழி புடைப்பதையும் கருவிழி கீழ்நோக்கிச் சரிவதையும் யாரும் கவனியாமல் இரண்டு நாள் கழிந்தால், பார்வை போகலாம், உயிரும் போகலாம். அவளைக் குறைகூற நமக்கு வாயில்லை. அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் சொன்னார்களா?

பெரியகுளம் சர்க்கார் தலைமை ஆஸ்பத்திரியில் இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு ஜாபிதா வேண்டும். குழாயின் வகை, பொருத்திய தேதி, அபாய அறிகுறிகள், மதுரை நிபுணர்களின் தொலைபேசி எண் இவற்றைத் தமிழில் அச்சிட்ட அட்டையைத் தாயிடம் கொடுக்க வேண்டும். முதல் ஸ்கேன் படத்தின் பிரதியும் அவள் கையிலிருந்தால், கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி டாக்டர் புதிய படத்தை அதனோடு ஒப்பிட்டு, பழுதானால் தாமதமின்றி மதுரைக்கு அனுப்பலாம். அட்டைக்கு ஆகும் செலவு அற்பம். மந்திரி சபை உத்தரவுக்குக் காத்திராமல் ஜில்லா அதிகாரிகள் இம்மாதமே இதைத் தொடங்கலாம்.