கட்டத்தில் குறி போடும் கை

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து படிவம் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெரியும், தோழர்களே: எதிரில் நிற்கிற ஆளைவிடக் கட்டம்தான் சத்தமாகப் பேசும். கட்டத்தில் இல்லாதவர் கணக்கிலும் இல்லை.

அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி விண்ணப்பங்களில் அப்படி ஒரு கட்டம் உண்டு. ‘நீங்கள் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா?’ ஆம், இல்லை. அதற்குக் கீழே தனியாக இனம்: வெள்ளையர், கறுப்பர், ஆசியர், பூர்வகுடி. மெக்சிகோ, புவெர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய, தென் அமெரிக்கா அல்லது வேறு ஸ்பானியப் பண்பாடு, இவற்றில் வேர் உள்ளவர் எந்த இனமானாலும் ஹிஸ்பானிக் என்று 1977இல் அரசு வரையறுத்தது. நம்மூர் மாதிரி தாசில்தார் முத்திரை கிடையாது. எழுதுகிறவர் சொல்வதே சாட்சி.

அங்கேதான் பிள்ளைகளுக்குக் குழப்பம். ‘பாட்டி மட்டும்தான் மெக்சிகோக்காரி. எனக்கு ஸ்பானிஷ் வராது, தோலும் வெளுப்பு. ஆம்னு போட்டா ஏமாத்துனதா ஆகுமா? போடாட்டி பாட்டியை மறைச்சதா ஆகுமா?’ நியாயமான கேள்வி. கேலி பண்ண இதில் ஒன்றுமில்லை. ஆனால் பதில் சொல்லும் முன் இந்தக் கட்டம் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும்.

1940களில் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் ஒரு பெண் தன் பிள்ளைகளையும், உடன்பிறந்தவரான கொன்சாலோ மெண்டஸின் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனார். அவருடைய பிள்ளைகள் வெளுப்பு, குடும்பப் பெயரும் மெக்சிகப் பெயராக ஒலிக்கவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். மெண்டஸ் பிள்ளைகள் கறுப்பு. ‘மெக்சிகப் பள்ளிக்குப் போ.’ ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்! அந்த அம்மா எல்லாரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மெண்டஸ் குடும்பம் வழக்குப் போட்டு 1946இல் வென்றது. 1947இல் மேல்முறையீட்டிலும் வென்றது.

இன்னொரு கதை இதைவிட மோசம். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘மெக்சிகர்’ தனி இனம். எதிர்ப்பு வந்ததும் 1940இல் மறுபடி வெள்ளையர் பட்டியலில் சேர்த்தார்கள். காகிதத்தில் வெள்ளை, தெருவில் மெக்சிகன். 1970இல் ஹூஸ்டனில் பள்ளிப் பிரிவினையை ஒழிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அந்தக் காகித வெள்ளையை வைத்தே ஆட்டம் ஆடினார்கள். மெக்சிகப் பிள்ளைகளை ‘வெள்ளையர்’ என்று கணக்குக் காட்டிக் கறுப்புப் பிள்ளைகளோடு சேர்த்தார்கள். கலப்பு முடிஞ்சது! நிஜமான வெள்ளைப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தி, தாங்களே போராட்டப் பள்ளிகள் நடத்தினார்கள். டென்வர் வழக்கில் 1973இல்தான் உச்ச நீதிமன்றம் இவர்களும் தனியாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒத்துக்கொண்டது. யாரும் இரங்கிப் போட்டுக் கொடுத்த கட்டமில்லை இது.

கட்டத்துக்குள்ளும் ஒரு சூது இருக்கிறது. 2007இல் கல்வித்துறை வகுத்த முறைப்படி, முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றவர் கீழே எந்த இனத்தைக் குறித்தாலும் அரசுக்குப் போகும் அறிக்கையில் ஹிஸ்பானிக் மட்டும்தான். பண்ணை வைத்திருந்தவன் பேரனும் அந்தப் பண்ணையில் முதுகு ஒடிந்தவளின் பேத்தியும் ஒரே எண். டொமினிக்கன் கறுப்புப் பிள்ளையின் கறுப்பு அதில் கரைந்துபோகிறது. ஒரே குடைக்குள் எல்லாரையும் நிறுத்திவிட்டு நிழல் யார்மேல் விழுகிறது என்று சொல்லாமல் விடும் வித்தை நமக்குப் புதுசா என்ன? 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் மக்களில் 42 சதவீதம் பேர் இனம் என்ற இடத்தில் ‘வேறு’ என்பதை மட்டுமே குறித்தார்கள். 2024இல் இரண்டு கேள்வியையும் ஒன்றாக்கி, எத்தனை வேண்டுமானாலும் குறிக்கலாம் என்று அரசு விதியை மாற்றியது. கறுப்பு லத்தீனோக்களின் எண்ணிக்கை இதில் இன்னும் மங்கிவிடும் என்று ஆய்வாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு.

‘குறி போட்டா சீட்டு’ என்ற பேச்சும் இப்போது எடுபடாது. 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கல்லூரிகள் அந்தக் கட்டத்தைப் பார்த்து இடம் தரக் கூடாது. மாணவர் தன் வாழ்க்கையில் பட்டதைக் கட்டுரையில் எழுதலாம், அவ்வளவுதான்.

அப்படின்னா காலியா விட்டுடலாமே? விடக் கூடாது. 2007 முறையில், பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் வீட்டார் பதில் தராவிட்டால் பள்ளி ஊழியரே பிள்ளையைப் பார்த்து நிரப்ப வேண்டும். மறுபடி வெஸ்ட்மின்ஸ்டர் வாசல்தான்.

மெக்சிகப் பாட்டியின் பேத்தி ‘ஆம்’ போடட்டும். ‘வெள்ளையர்’ என்பதையும் குறிக்கட்டும். இரண்டும் உண்மை. பாட்டி பட்ட அடியை மட்டும் தான் பட்டதாகக் கட்டுரையில் எழுத வேண்டாம். டொமினிக்கன் பிள்ளை ‘ஆம்’ போட்டு, கறுப்பர் கட்டத்தையும் அழுத்தி அடிக்கட்டும். வஹாகாவிலிருந்து தக்காளி பறிக்க வந்த மிக்ஸ்டெக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பலரும் சொல்லாத ஒரு சேதி: 1997 வரையறையிலேயே பூர்வகுடி என்பதில் தென், மத்திய அமெரிக்கப் பூர்வகுடிகளும் அடக்கம். அதையும் குறிக்கலாம். இனக்குழுவின் பெயர் எழுத இடம் விட்டிருந்தால் ‘மிக்ஸ்டெக்’ என்று எழுதட்டும். இடம் விடாட்டி ஓரத்தில் எழுதட்டும்.