குரலுக்கு உரியவர் யார்?

எடிசன் 1877ஆம் ஆண்டு மென்லோ பார்க் ஆய்வகத்தில் மனிதக் குரலைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிக்கச் செய்தபோது, அக்குரலைத் தாங்கியது தட்டு அன்று, உருளை. வெள்ளீயத்தாள் சுற்றிய அவ்வுருளை சில முறை ஒலித்ததும் பயனற்றுப் போகும். அடுத்த பத்தாண்டுக்குள் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் ஆய்வகத்தார் வெள்ளீயத்தாளுக்கு மாற்றாக மெழுகைக் கையாண்டனர். எடிசனும் 1888இல் முழுவதும் மெழுகாலான உருளைக்கு மாறினார். ஒரு சிறு குவளையின் அளவினதான அவ்வுருளையின் நீளம் ஏறத்தாழ 11 செ.மீ.; குறுக்களவு 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கூம்புக்குழலின் வாயருகே நின்று ஒருவர் பாட, குரலின் அதிர்வால் மென்தகடு அசையும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகில் ஆழ்ந்தும் எழுந்தும் ஒரு வரியைக் கீறிச்செல்லும். வேறோர் ஊசி அவ்வரியின்மீது மீண்டும் ஊர்ந்தால் குரல் திரும்பப் பிறக்கும். ஓர் உருளையில் அடங்கியது இரண்டு நிமிடப் பாட்டே. 1908இல் அது நான்கு நிமிடமாயிற்று. 1912இல் உடையாத நீலநிறச் செல்லுலாய்டு உருளை வந்தது. எனினும் வணிகப் போட்டியில் இசைத்தட்டே வென்றது. 1929இல் எடிசன் நிறுவனம் உருளை உற்பத்தியை முற்றிலும் நிறுத்தியது.

தோற்றுப்போன இப்பொருளைத் தேடித்தேடிச் சேர்ப்போர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் உள்ளனர். பழைய வீடுகளின் பரண்களிலும் ஏலக்கூடங்களிலும் பஞ்சு பொதிந்த அட்டைக்குழல்களுக்குள் உருளைகள் கிடைக்கின்றன. அவற்றைச் சேர்ப்பது பயனுள்ள பணியா, பொருளுடையோரின் பொழுதுபோக்கா என்னும் வினாவுக்கு என் விடை இது: சேர்ப்பது நற்பணியே. ஆயின், எதை முதன்மையாகச் சேர்ப்பது, சேர்த்ததை யாருக்காகக் காப்பது என்னும் இரண்டிலும் சேகரிப்பாளர் பலர் கைக்கொள்ளும் அளவுகோல் பிழையானது.

சேகரிப்பாளர்க்குரிய நன்றியை முதலில் சொல்லிவிடுவது முறை. தொடக்கக் காலத்தில் மெழுகு உருளைகளைப் பெருமளவில் படியெடுக்க வழியில்லை. ஆகவே பாடகர் ஒருவர் வரிசையாக வைக்கப்பட்ட கூம்புக்குழல்களின் முன் நின்று பாடுவார். கருவிகளில் புதிய உருளைகளை மாட்டியதும் அதே பாட்டை மீண்டும் பாடுவார். அடிமைமுறை நிலவிய வர்ஜீனியாவில் பிறந்த ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்னும் கறுப்பினப் பாடகர், தம் சிரிப்புப் பாட்டொன்றை இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை பாட நேர்ந்தது. வார்ப்பச்சில் உருளைகளை வார்க்கும் முறை 1902இல் நிலைபெறும்வரை இந்நிலையே பெரிதும் நீடித்தது. அதனால் அக்காலத்துப் பழுப்பு உருளைகளில் ஒரே பாடலின் இரண்டு பதிவுகள் பலவேளைகளில் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் குரல் தெளிந்திருக்கும், மற்றொன்றில் களைத்திருக்கும். இந்த வேறுபாட்டை அறிந்து இரண்டையும் பேணியவர்கள் தனிமனிதர்களே. சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2005இல் உருளைப் பதிவுகளை இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. இன்று 10,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அங்கு எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். தனியார் சேகரங்கள் இல்லையேல் அத்தொகுப்பு இவ்வளவு வளர்ந்திராது.

இனி என் மறுப்புக்கு வருகிறேன். சேகரிப்பாளரிடையே ஓர் உருளையின் மதிப்பு பெரும்பாலும் மூன்றால் அளக்கப்படுகிறது: பாடியவரின் புகழ், பதிவின் அருமை, உருளையின் நிலை. அழகிய பெட்டியில், அச்சிட்ட பெயர்ச்சீட்டோடு, கீறலின்றி இருப்பது உயர்ந்தது. பெயரற்றுப் பூஞ்சை படர்ந்திருப்பது தாழ்ந்தது. இசைத்தட்டுக்கு இவ்வளவுகோல் ஒருவாறு பொருந்தலாம். உருளைக்குப் பொருந்தாது. ஏனெனில் இசைத்தட்டைப் பெற்ற குடும்பம் கேட்க மட்டுமே முடிந்தது. உருளைக் கருவியை வாங்கிய குடும்பமோ வெற்று உருளையை மாட்டித் தன் குரலைத் தானே பதிவுசெய்துகொள்ளவும் முடிந்தது. குழந்தையின் மழலை, பாட்டனாரின் நகைச்சுவை, பண்டிகை நாளின் கூட்டுப்பாட்டு ஆகியவை இவ்வாறு மெழுகில் ஏறின. தொழில்முறைப் பாடகரின் குரல் வேறோர் உருளையிலேனும் கிடைக்கக்கூடும். இவ்வெளிய மனிதர்களின் குரலுக்கு இரண்டாம் படி கிடையாது. அவர்கள் பேசிய வட்டார வழக்கையும் ஒலிப்பையும் எந்த நூலும் இவ்வளவு நேராகக் காட்டாது.

இத்தகைய பதிவுகளே மிகுதியாக அழிந்தன. பதிவான உருளையின் மேற்பரப்பைச் சீவிவிட்டு அதிலேயே புதிதாகப் பதியலாம் என்பது அக்காலத்தில் பெருமையாக விளம்பரப்படுத்தப்பட்ட வசதி. ஒருவரின் குரல் மெழுகுச் சீவலாய்க் கீழே உதிர, அவ்விடத்தில் மற்றொருவர் பாடினார். எஞ்சியவற்றுள் பெயர்ச்சீட்டு இல்லாதவை விலைபோகாதவை என ஒதுக்கப்பட்டன.

பெயர்ச்சீட்டின்மையை மதிப்பின்மையாகக் கொள்வது எவ்வளவு தவறு என்பதற்கு எடிசனின் சொந்த ஆய்வகமே சான்று. வெஸ்ட் ஆரஞ்சிலுள்ள அவருடைய ஆய்வக நூலகத்தில், பெயர் குறிக்கப்படாத 17 உருளைகள் கொண்ட பெட்டி ஒன்று 1957இல் கண்டெடுக்கப்பட்டது. அவற்றில் ஒலிப்பது யாருடைய குரல் என்பது அரை நூற்றாண்டுக்குப் பின்னரே ஆராய்ச்சியாளர்களால் உணரப்பட்டு, 2012இல் அறிவிக்கப்பட்டது. 1889இல் எடிசனின் உதவியாளர் ஐரோப்பாவில் பதிவுசெய்த, செர்மானிய அரசியல் தலைவர் பிஸ்மார்க்கின் குரல் அவற்றுள் இருந்தது. 1800இல் பிறந்த படைத்தலைவர் மோல்ட்கேயின் குரலும் இருந்தது. இவர்கள் புகழ்பெற்றவர்கள், ஆதலால் அறிஞர்களால் அடையாளம் காண முடிந்தது. புகழற்றவரின் உருளைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தப் பொருள்களோடு கிடைத்தது என்று வாங்குபவர் எழுதிவைக்கும் சிறுகுறிப்பே அதற்கு உள்ள ஒரே முகவரி. விற்பனையின் பொருட்டு ஒரு வீட்டின் உருளைகளைப் பிரித்துத் தனித்தனியே விற்கும் வழக்கம் அந்த முகவரியையும் அழித்துவிடுகிறது.

சேர்த்ததை என்ன செய்வது? ஓலைச்சுவடியை ஒருவர் கவனமாகப் படித்தால் எழுத்துத் தேய்வதில்லை. மெழுகு உருளையின் நிலை வேறு. அதைக் கேட்பதே அதைத் தேய்ப்பது. ஊசி ஒவ்வொரு முறை ஊரும்போதும் வரியின் நுண்மை சிறிது குறைகிறது. கேளாமல் பூட்டிவைத்தாலோ பூஞ்சை மெழுகை அரிக்கிறது. குளிர்ந்த உருளையை வெதுவெதுப்பான கையால் பற்றினாலே அது விரிசல் விடக்கூடும். அதனால் தேர்ந்தவர்கள் உட்துளையில் இரு விரல்களை நுழைத்து, மேற்பரப்பைத் தொடாமல் தூக்குவர். இவ்வளவு கவனத்தோடும் அலமாரியில் அடுக்கிவைக்கப்பட்ட உருளை, தன் உரிமையாளருக்கும் பயன்படாமல் பிறருக்கும் பயன்படாமல் மெல்ல ஊமையாகிறது.

இச்சிக்கலுக்கு இன்று வழி பிறந்துள்ளது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் இயற்பியலாளர்களான கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபடேயெவும் உருளையை ஊசியால் தொடாமல், ஒளியால் அதன் மேற்பரப்பை அளந்து, அவ்வளவிலிருந்து ஒலியைக் கணினியால் மீட்கும் முறையை உருவாக்கினர். பெர்க்லியிலுள்ள ஹெர்ஸ்ட் மானிடவியல் அருங்காட்சியகத்தில் கலிபோர்னியப் பழங்குடியினரின் குரல்களைத் தாங்கிய ஏறத்தாழ 2,700 உருளைகள் உள்ளன. அவற்றை ஒளிமுறையில் எண்ம வடிவுக்கு மாற்றும் பணி 2015இல் தொடங்கியது. இம்முறைக்குச் செலவு மிகுதி. எனினும் இலேசான ஊசிகொண்டு ஒருமுறை மட்டும் ஒலிக்கச்செய்து பதிவுசெய்துகொள்ளும் கருவிகளும் காப்பகங்களில் உள்ளன. ஆகவே உருளையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புவோர், அதன் ஒலியையேனும் காப்பகத்துக்கு ஒருமுறை கடனாகத் தரலாம். படி வெளிவந்தால் தம் உருளையின் விலை குறையும் என்று அஞ்சி இதற்கு மறுப்போரின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. விலை கொடுத்து அவர் வாங்கியது மெழுகையே. பாடியவர் தம் குரலை அவருக்கு விற்கவில்லை.

இவ்வாறு சொல்லும்போது, எல்லா உருளைகளையும் எல்லாரும் கேட்குமாறு உடனே வெளியிட்டுவிடுவதே அறம் என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். 1890ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்னும் ஆய்வாளர், மெய்ன் மாநிலத்தின் கலைஸ் ஊரில் பாசமகுவாடி பழங்குடியினரின் பாட்டையும் கதையையும் மெழுகில் பதிந்தார். ஆய்வுக்களத்தில் ஒலிப்பதிவுக் கருவியைப் பயன்படுத்திய தொடக்க முயற்சிகளுள் அது முதன்மையானது. பின்னர் பிரான்சஸ் டென்ஸ்மோர் அம்மையார் 1907 முதல் பல பழங்குடிகளிடையே சென்று 2,000க்கும் மேற்பட்ட உருளைகளைப் பதிந்தார். அப்பாடல்களுள் சில, உரிய காலத்தில் உரியவர் மட்டுமே பாடவும் கேட்கவும் வேண்டியவை. பாடியவர்களிடம், உங்கள் குரலை நூறாண்டுக்குப் பின் உலகமே கேட்கலாமா என்று எவர் கேட்டிருப்பார்? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1979இல் ஒரு திட்டத்தைத் தொடங்கி, இவ்வுருளைகளைப் படியெடுத்து, அப்படிகளை அந்தந்தப் பழங்குடிகளிடமே கொண்டுசேர்த்தது. பாசமகுவாடி உருளைகளில் எவற்றைப் பொதுமக்கள் கேட்கலாம், எவை தம் மக்களுக்குள் மட்டும் இருக்கவேண்டும் என்பதை இன்று அச்சமூகத்தாரே முடிவுசெய்கின்றனர். இதுவே சரியான வரிசை என்பேன். குரலுக்குரிய மக்கள் முதலில் கேட்கட்டும். உலகம் பிறகு கேட்கலாம்.

தாஸ்மேனியாவின் ஃபானி காக்ரேன் ஸ்மித் இதனினும் வேறான நிலையில் நின்றவர். தம் மக்களின் மொழி மறைந்துவருவதைக் கண்முன் கண்ட அவர், 1899இலும் 1903இலும் கூம்புக்குழலின்முன் அமர்ந்து தாமே விரும்பிப் பாடினார். தாஸ்மேனியப் பழங்குடிப் பாடல்களுக்கு அக்காலத்துப் பதிவாக இன்று உள்ளவை அவ்வுருளைகளே. அவர் 1905இல் மறைந்தார். அவருடைய வழித்தோன்றல்கள் இன்று அக்குரலைக் கேட்கின்றனர். 2017இல் யுனெஸ்கோவின் ஆஸ்திரேலிய உலக நினைவுப் பதிவேட்டிலும் அவ்வுருளைகள் இடம்பெற்றன. அவற்றைத் தனியார் ஒருவர் வாங்கித் தம் அறையில் பூட்டியிருந்தால் சட்டப்படி அது குற்றமாகாமல் இருந்திருக்கலாம்.

இந்தியாவிலும் உருளைகள் பிறந்தன. கொல்கத்தாவில் தலைமுடித் தைலமும் நறுமணப் பொருள்களும் விற்ற ஹேமேந்திர மோகன் போஸ், வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி உணர்வு பொங்கிய ஆண்டுகளில், தம் பெயராலேயே உருளைகளை வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூரின் குரலும் அவற்றில் பதிவாயிற்று. பின்னர்ப் பிரான்சின் பாத்தே நிறுவனத்தின் வழியே அவற்றுட் சில இசைத்தட்டுகளாகவும் வந்தன. அவ்வுருளைகளுள் மிகப்பெரும்பாலானவை இன்று இல்லை. மெழுகுக்கு நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் கொடிய பகை. எங்கேனும் ஒரு பழைய வீட்டின் பெட்டியில் அவற்றுள் ஒன்று இன்னும் கிடந்து, கண்டெடுப்பவர் அதை மெழுகுத் துண்டென்று எண்ணி எறியாமலும், பழம்பொருளென்று எண்ணி ஒலிக்கச்செய்து பார்க்க அவசரப்படாமலும், பெட்டியோடும் அதிலுள்ள தாள்களோடும் காப்பகம் ஒன்றில் சேர்ப்பாராயின், நூற்றிருபது ஆண்டுக்கு முந்திய அந்த இரண்டு நிமிடம் நமக்குக் கேட்கக்கூடும்.