கிதாருக்குக் காத்திருந்த பிள்ளை

அடையாற்றில் மாணவர் ஒருவர், தாம் வாங்கிய கிதார் வீடு வந்து சேரும்வரை மூன்று நாளாய் வாயிலையே நோக்கியிருந்தார். ‘இது நமக்கு ஆகுமா?’ என வினவினார் பாட்டனார். அவ்வினாவை நாம் இகழோம். இசைக்கருவி குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் இசைக்குப் பெருநூல் யாத்த அல்ஃபாராபி நம்மவரன்றோ! கிதார் என்னும் பெயரும் அரபு வழியே ஸ்பெயினை அடைந்ததென்பர்.

நம் ஐயம் வேறு. தந்தியை அழுத்தும் விரல்நுனி தொடக்கத்தில் நோகும். ஆவல் அதனைத் தாங்குமா? மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜா தாங்கினார். இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிதார்த் தேர்வில் தங்கப்பதக்கமும் பெற்றார். இப்பிள்ளையையும் ஓராண்டு விட்டுப் பார்த்தலே நன்று. பாட்டனாரோ, தொழுகை வேளையில் கிதார் உறைக்குள் இருத்தல் வேண்டும் என்று மட்டும் விதித்தார். அது நமக்கும் உடன்பாடே.