உங்க எஸ்.ஐ.பி.க்குள்ள எண்ணூர் இருக்கா? ஒரு தடவை திறந்து பாத்துடுங்க



சம்பளம் வந்த பத்தாவது நாளே "காசெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல"ன்னு சொல்றவங்களுக்கு நான் கொடுக்குற முதல் வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு மாசத்துக்கு எல்லாத்தையும் எழுதி வைங்க. எதையும் குறைக்க வேண்டாம். டீ, ஆட்டோ, ராத்திரி பதினோரு மணிக்கு ஆர்டர் பண்ற பிரியாணி, எல்லாமே நோட்டுல வரணும், அவ்வளவுதான். ரெண்டாவது மாசம் செலவு தானா குறையும். எழுதினதைத் திரும்பப் படிக்கும்போது நமக்கே ஒரு கூச்சம் வரும் பாருங்க, அது பாத்துக்கும்.

இதே பாடத்தை ஒரு கெமிக்கல் ஆலைக்குப் பொருத்திப் பாத்தா என்ன ஆகும்? இன்னிக்குப் பேசப்போறது அதைத்தான். "பணத்தைப் பத்திப் பேசுற சேனல்ல புகையைப் பத்தி எதுக்கு?"ன்னு தோணும். கடைசி வரைக்கும் படிங்க. இது உங்க பணத்தைப் பத்தினதுதான்.

நான் திருவொற்றியூர்க்காரன்

எங்க வீட்டு மொட்டை மாடியில வெள்ளைச் சட்டையைக் காயப்போட மாட்டாங்க. சாயங்காலம் எடுக்கும்போது கறுப்புப் பொடி படிஞ்சிருக்கும். சில ராத்திரி ஒரு நெடி வரும். அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்திட்டு மறுபடியும் படுத்துடுவாங்க. எந்த ஆலையில இருந்து வந்துச்சு, என்ன வாயு, எவ்வளவு? தெருவுல யாருக்கும் தெரியாது. மணலி பக்கம் காத்து அடிச்சா ஒரு வாசனை, எண்ணூர் பக்கம் அடிச்சா வேற வாசனை. எங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்.

பல வருஷம் கழிச்சு, ஓ.எம்.ஆர்.ல வேலைக்குச் சேர்ந்து, எஸ்.ஐ.பி. எல்லாம் போட ஆரம்பிச்சப்புறம், ஒருநாள் என் ஃபண்டோட போர்ட்ஃபோலியோவை முழுசா இறக்கிப் பாத்தேன். முதல் பத்து கம்பெனியோட நிறுத்தாம கடைசி வரைக்கும் போனேன். எங்க ஊர்ப் பக்கம் ஆலை வச்சிருக்கிற கம்பெனிகளும் அதுல இருந்துச்சு. அதாவது அம்மா ஜன்னலைச் சாத்துன காத்துக்கு, ரொம்பச் சின்ன அளவுல, நானும் ஒரு முதலாளி.

2023 டிசம்பர்: ஒரே மாசத்துல ரெண்டு

மிக்ஜாம் புயல் வந்த மாசம் ஞாபகம் இருக்கா? வேளச்சேரியில வண்டி மிதந்ததைத்தான் டிவியில அதிகம் காட்டினாங்க. அதே வெள்ளத்துல மணலியில இருக்கிற சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பகுதியில இருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகம் வரைக்கும் போச்சு. படகு, வலை எல்லாத்துலயும் எண்ணெய். பிடிச்ச மீனை வாங்க ஆள் இல்லை. தமிழ்நாடு அரசு அறிவிச்ச நிவாரணம் மொத்தம் 8.68 கோடி ரூபாய். வாழ்வாதாரம் பாதிச்ச மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், ஒரு படகைச் சரிபண்ண 10,000 ரூபாய். மாசச் சம்பளம் வாங்குற நாம எமர்ஜென்சி ஃபண்டு ஆறு மாசத்துக்கு இருக்கணும்னு பேசுறோம். அவங்களுக்கு ஆறே எமர்ஜென்சி ஃபண்டு. அதுல எண்ணெய் கலந்துடுச்சு.

அது அடங்குறதுக்குள்ள டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சுது. கப்பல்ல வர்ற அமோனியாவைக் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கொண்டுபோற கடலடிக் குழாய் அது. ஜனங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினாங்க. ஐம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்னிக்கு ராத்திரியே அளந்துச்சு. ஆலை வாசல் பக்கம் காத்துல ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா, இருக்க வேண்டிய அளவு 400. கடல் தண்ணியில லிட்டருக்கு 49 மில்லிகிராம், இருக்க வேண்டியது 5.

இந்த நம்பர் எப்போ கிடைச்சுதுன்னு கவனிங்க. எல்லாரும் ஓடினதுக்கு அப்புறம்.

இப்போ நம்ம பாஷையில கணக்கு

அமோனியா கசிவை ஆராய்ஞ்ச தொழில்நுட்பக் குழு, புயல்ல நகர்ந்த கருங்கல் பாறைகள் குழாய் மேல மோதி உடைஞ்சிருக்கலாம்னு சொல்லுச்சு. கசிவை உடனே கண்டுபிடிக்கிற கருவிகளோட புதுக் குழாய் போடணும்னும் சொல்லுச்சு. சுற்றுச்சூழல் இழப்பீடா பரிந்துரைச்ச தொகை 5.92 கோடி ரூபாய்.

5.92 கோடின்னா நமக்கு மலைப்பா இருக்கும். ஆனா அந்த நிதியாண்டுல கம்பெனியோட நிகர லாபம் 1,600 கோடிக்கு மேல. அதே விகிதத்துல, வருஷம் 1,60,000 ரூபாய் மிச்சம் பண்ற ஒருத்தருக்கு இது 592 ரூபாய். ஹெல்மெட் போடாம மாட்டினா கட்டுற 1,000 ரூபாயை விடக் கம்மி.

நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். ஆலை பல மாசம் மூடிக் கிடந்துச்சு. சம்பந்தப்பட்ட துறைகள்கிட்ட தடையில்லாச் சான்று வாங்கின பிறகுதான் திறக்கணும்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2024 மே மாசம் சொல்லுச்சு. உண்மையான நஷ்டம் அந்த மூடின மாசங்கள்லதான். அதைத் தாங்கினது யாரு? பங்குதாரர்கள், அங்க வேலை பாத்த தொழிலாளிங்க, பயத்தோட தூங்கின குப்பத்து ஜனங்க. அதனாலதான் சொல்றேன், ஒரு குழாயோட நிலைமை முதலீட்டாளர் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். கடன் எவ்வளவுன்னு பாக்குறோம்ல, அதே மாதிரி.

போபாலுக்கு அப்புறம் ஒரு நாடு கணக்கு எழுத ஆரம்பிச்சுது

1984 டிசம்பர்ல போபால். அடுத்த வருஷமே அதே யூனியன் கார்பைடு கம்பெனியோட மேற்கு வர்ஜீனியா ஆலையிலயும் ஒரு கசிவு. அமெரிக்கா 1986-ல ஒரு சட்டம் போட்டுச்சு. ஒவ்வொரு ஆலையும் எந்த நச்சுப்பொருளை எவ்வளவு காத்துலயும் தண்ணியிலயும் மண்ணுலயும் விட்டுச்சுன்னு வருஷா வருஷம் எழுதிக் கொடுக்கணும். அதை யார் வேணும்னாலும் பாக்கலாம். குறைக்கச் சொல்லி அந்தப் பதிவேடு யாரையும் கட்டாயப்படுத்தல. எழுதுங்கன்னு மட்டும்தான் சொல்லுச்சு. நம்ம செலவு நோட்டு மாதிரியேதான்.

1989-ல முதல் பட்டியல் வெளியான அன்னிக்கு, அதுல இருந்த லிஸ்டட் கம்பெனிகளோட சந்தை மதிப்பு சராசரியா 41 லட்சம் டாலர் குறைஞ்சதா ஜேம்ஸ் ஹாமில்டன்ங்கிற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். பங்கு விலை அதிகமா அடி வாங்கின கம்பெனிகள்தான் பின்னாடி கழிவை அதிகமாக் குறைச்சாங்கன்னு அடுத்து வந்த ஒரு ஆய்வு சொல்லுச்சு. முதலீட்டாளருக்குக் கணக்கு தெரிஞ்சா ஆலை மாறுது.

போபால்ல செத்தது நம்ம ஜனங்க. நாற்பது வருஷம் ஆச்சு. ஆலை வாரியா எல்லாரும் பாக்குற மாதிரி ஒரு பதிவேடு இன்னும் நம்மகிட்ட இல்லை.

அப்போ நம்மகிட்ட என்னதான் இருக்கு?

துண்டு துண்டா நிறைய இருக்கு. அபாயகரமான ஆலைகளோட வாசல்ல என்ன ரசாயனம், எவ்வளவு கழிவுன்னு போர்டு வைக்கணும்னு 2003-லயே உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கு. அதிக மாசு உண்டாக்குற 17 வகைத் தொழில்கள்ல புகைபோக்கியிலேயே கருவி மாட்டி, ஆன்லைன்ல வாரியத்துக்கு அளவு போய்க்கிட்டே இருக்கணும்னு மத்திய வாரியம் 2014-ல சொல்லிடுச்சு. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கின ஆலைகள் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அறிக்கை கொடுக்கணும்.

நமக்கு நேரா பயன்படுறது செபி கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை. சந்தை மதிப்புல முதல் 1,000 லிஸ்டட் கம்பெனிகளுக்கு 2022-23 நிதியாண்டுல இருந்து கட்டாயம். ஆண்டறிக்கையோட சேர்ந்து வரும். அதுல ஆறாவது கொள்கைங்கிற பகுதிக்கு நேரா போங்க. காத்துல விட்டது, தண்ணி, அபாயகரக் கழிவு எத்தனை டன், அதுல மறுசுழற்சி எவ்வளவு, மண்ணுல புதைச்சது எவ்வளவுன்னு போன வருஷத்தோட ஒப்பிட்டு அட்டவணை இருக்கும்.

ஆனா ரெண்டு இடத்துல ஏமாந்துடாதீங்க.

முதல்ல, இது கம்பெனி மொத்தத்துக்கான கணக்கு. ஒரு கம்பெனிக்குப் பத்து ஊர்ல ஆலை இருந்தா பத்தையும் கூட்டி ஒரே நம்பரா போட்டுடுவாங்க. எண்ணூர்ல ஏறி வேற ஊர்ல இறங்கியிருந்தா உங்க கண்ணுக்குத் தெரியாது. குடும்பச் செலவு மொத்தமா 40,000-னு எழுதி வச்சா, கிரெடிட் கார்டைத் தேய்ச்சது யாருன்னு எப்படித் தெரியும்?

ரெண்டாவது, ஒரு ரூபாய் விற்பனைக்கு இத்தனைன்னு காட்டுற நம்பர். உரத்தோட விலை ஏறினா விற்பனைத் தொகை ஏறும், புகை அப்படியே இருந்தாலும் இந்த நம்பர் இறங்கும். அதைப் பாத்து "சூப்பர், குறைச்சுட்டாங்க"ன்னு நம்பிடாதீங்க. ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவுங்கிறதுதான் நேர்மையான கேள்வி.

"இதெல்லாம் கவர்ன்மென்ட் வேலை ப்ரோ"

சரிதான். கவர்ன்மென்ட் பண்ணவேண்டியது நிறைய இருக்கு. மத்திய வாரியத்தோட மாசுக் குறியீட்டுல மணலிக்கு 2009-ல 76.32, 2018-ல 84.15. எழுபதைத் தாண்டினாலே மிக மோசமா மாசடைஞ்ச பகுதி. ஒன்பது வருஷத்துல இந்த ஸ்கோர் ஏறியிருக்கு.

வழியே இல்லைன்னும் சொல்ல முடியாது. சூரத்துல 2019-ல ஒரு சந்தை ஆரம்பிச்சாங்க. அங்க இருக்கிற ஆலைகள் எல்லாம் சேர்ந்து இவ்வளவு தூசிதான் விடலாம்னு மொத்தமா ஒரு வரம்பு. ஒவ்வொரு கிலோவுக்கும் பெர்மிட். குறைவா விட்டவர் மிச்ச பெர்மிட்டை விக்கலாம், அதிகமா விட்டவர் காசு கொடுத்து வாங்கணும். அளக்குறது புகைபோக்கியில இருக்கிற கருவி. இதுல இருந்த ஆலைகள், இல்லாத ஆலைகளை விட 20 முதல் 30 சதவீதம் குறைவாத் தூசி விட்டதா ஆய்வு சொல்லுது. மத்திய அரசு 2011-ல இந்த மாதிரி சந்தையை முன்னோட்டமா அறிவிச்சப்போ குஜராத், மகாராஷ்டிராவோட தமிழ்நாடும் பட்டியல்ல இருந்துச்சு. சூரத்துல நடந்தே முடிஞ்சு ரிசல்ட்டும் வந்துடுச்சு. நாம இன்னும் ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருக்கோம்.

"ஆலையை மூடச் சொல்றியா, உரம் வேண்டாமா, வேலை வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. மூடச் சொல்லல. என் ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் பாதிப் பேர் அங்கதான் வேலை பாக்குறாங்க. கணக்கைத் திறந்து வைங்கன்னு மட்டும்தான் கேக்குறேன்.

விக்கணுமா, வச்சுக்கணுமா?

விக்கிறது உங்க இஷ்டம். என் கருத்தைக் கேட்டா, நீங்க வித்த பங்கை அடுத்த நிமிஷம் வேற ஒருத்தர் வாங்குவார். புகைபோக்கிக்கு அது தெரியவே தெரியாது. வச்சுக்கிட்டுக் கேள்வி கேக்குறது கொஞ்சமாவது வேலை செய்யும். நான் பண்றதைச் சொல்றேன்.

- ஃபண்டோட மாதாந்திர போர்ட்ஃபோலியோவை வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசா பாக்குறேன்.
- ஆலை வச்சிருக்கிற கம்பெனின்னா பி.ஆர்.எஸ்.ஆர். ஆறாவது கொள்கையை மூணு வருஷத்துக்கு ஒப்பிடுறேன். ஆண்டறிக்கையில தீர்ப்பாய வழக்கு, நிச்சயமில்லாத பொறுப்புகள்ங்கிற குறிப்பையும் படிக்கிறேன்.
- நேரடிப் பங்கு ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துல பேசப் பதிவு பண்ணலாம். நான் கேக்குறது ஒரே கேள்வி: "ஆலை வாரியா இந்த அட்டவணையை எப்போ தருவீங்க?"
- ஃபண்டு ஹவுஸுக்கும் அதே கேள்வியை மெயில்ல அனுப்புறேன். நம்ம சார்பா ஓட்டுப் போடுறது அவங்க. எப்படிப் போட்டாங்கன்னு வெளியிடவும் செய்யணும்.

என் முதல் மெயிலுக்கு ரெண்டு வரி வழக்கமான பதில்தான் வந்துச்சு. ஒருத்தன் அனுப்பினா அவ்வளவுதான் வரும். இதைப் படிக்கிறவங்கள்ல ஐந்நூறு பேர் அனுப்பினா அந்த பதிலை எழுதுறவர் மேல இருக்கிறவர்கிட்ட போய்க் கேட்டே ஆகணும்.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினாங்க. "என்னம்மா வாசனை இது?"ன்னு கேட்டேன். "யாருக்குடா தெரியும், படு"ன்னாங்க. அந்த "யாருக்குத் தெரியும்"க்கு ஒரு நம்பர் வேணும். அதைக் கேக்குற உரிமைக்கு மாசாமாசம் அஞ்சாம் தேதி என் அக்கவுண்ட்ல இருந்து காசு போகுது. உங்களோடதும்தான்.

(எந்தப் பங்கையும் வாங்கவோ விக்கவோ சொல்ற ஆலோசனை இது இல்லை. பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையைத் திறந்து படிக்கிறது எப்படின்னு ஸ்கிரீன்ல காட்டி ஒரு வீடியோ போடுறேன். உங்க ஃபண்டுல என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எழுதுங்க.)