சூரியனுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சூரியனிடம் அது செல்லாது. கோடிக்கணக்கான டன் மின்னேற்ற வாயுவை அது எப்போது வீசியெறியும் என்று துல்லியமாக முன்கூட்டிச் சொல்வார் இல்லை. ஆகவே ஒவ்வொரு படத்தையும் பார்த்தே தீர வேண்டும். 1989 மார்ச் 13 அன்று அத்தகைய வீச்சு ஒன்றினால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது லட்சம் மக்கள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். பம்புசெட்டை நம்பிக் குறுவை நடும் நமக்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

சூரியனைக் கணக்கெடுப்பது நமக்குப் புதிதன்று. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், மழைக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பை அறியும் ஆவலும் ஒரு காரணமாக, 1899இல் கொடைக்கானலில் ஆய்வகம் எழுந்தது. 1904 முதல் எடுத்த படங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

1995இல் சோஹோ விண்கலம் பறந்தபின் படங்கள் மலையெனக் குவிந்தன. மனிதர் கண்ணால் பார்த்துப் பட்டியல் எழுதினர். 2004இல் பெல்ஜிய அறிஞர்கள் கணிப்பொறிக்கே அவ்வேலையைக் கற்பித்த முறையை வெளியிட்டனர். ஒவ்வொரு படத்திலும் ஒரே திசையில் மெல்லிய நாடாவை வெட்டி நேர வரிசையில் அடுக்கினால், வெளியேறும் பிழம்பு சாய்கோடாகத் தெரியும். சாய்வே வேகம். ஆனால் இரு பட்டியல்களும் ஒத்துப்போகவில்லை. மனிதர் விட்ட மங்கலான வீச்சுகளையும் இயந்திரம் எண்ணியது.

எது சரி? கொள்முதல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். விவசாயி நெல்லைப் பல்லால் கடித்துப் பதம் சொல்வார். கருவி ஈரப்பதத்தை எண்ணில் சொல்லும். கருவிக்கு அலுப்பில்லை, ஆள் பார்க்கும் பழக்கமும் இல்லை. ஆயினும் 17 சதவீதம் என்ற வரம்பைக் கருவியா வைத்தது? மழை கெடுத்த ஆண்டுகளில் அதைத் தளர்த்தியவரும் மனிதரே.

2023 செப்டம்பர் 2இல் கிளம்பிய நம் ஆதித்யா எல்-1, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அதன் திட்ட இயக்குநராக இருந்தார் என்பது நமக்குப் பெருமை. எல்லாப் படங்களையும் பூமிக்கு அனுப்புவது கடினமாதலால், வீச்சுள்ள படங்களை விண்ணிலேயே தேர்ந்தெடுக்கும் முறையொன்றை நம் அறிஞர்கள் 2018இல் எழுதினார்கள். வேண்டியதே, ஆயினும் என் கவலை இங்கேதான். கொடைக்கானல் தட்டை நூறாண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். விண்ணில் கழித்த படம் கழிந்ததே.

ஆகவே நான் சொல்வது இது: இயந்திரம் கணக்கெழுதட்டும், எந்த வரம்பில் தள்ளியது என்பதும் பட்டியலோடு வெளிவரட்டும், தள்ளியவற்றில் சிலவேனும் மாதிரிக்குக் கீழே வரட்டும். இயற்பியலும் கணிதமும் பயிலும் தோழர்களே, பட்டியலைப் படிப்பதோடு நில்லாதீர்கள். அதன் விதியையும் கேட்டுப் படியுங்கள்.